வேலிக்கு அந்தப் பக்கத்துச் சோறு

ஒரே சட்டியில், ஒரே கையால் காய்ச்சிய கஞ்சி முள்ளுக்கம்பி வேலியைத் தாண்டியதும் எப்படி ருசியாகிவிடுகிறது?

நான் புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். மலையின் ஒரு பக்கம் மழை கொட்டி மறுபக்கம் ஏன் காய்கிறது என்று கேட்டால் படம் வரைந்து விளக்குவேன். வேலியின் ஒரு பக்கம் என் மகன் துப்புவதை மறுபக்கம் ஏன் வழித்து நக்குகிறான் என்று கேட்டால் எனக்கு எந்தப் படமும் வரைய வராது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் நடந்த அன்று நான் வகுப்புக்குப் போகவில்லையோ என்னவோ.

மகனுக்கு மூன்று வயது. எங்கள் வீடு முள்ளியவளைக்குக் கிட்ட, குளத்துத் தண்ணீரில் வயல் விளையும் குடியேற்றத்தில் இருக்கிறது. கணவர் வயல் செய்கிறார். எனக்கு வேலை வரும் என்று சொல்கிறார்கள்; அது இன்னும் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. முன்னறையில் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடப்பதால், வருகிறவர்கள் கதிரையில் இருப்பதா மூட்டையில் இருப்பதா என்று ஒரு கணம் யோசிப்பார்கள். காசுக்குத்தான் பஞ்சம். நெல் விற்ற காசு உரத்துக்கும் நெல் அறுக்கிற வெட்டு மிசினுக்கும் போய்விட்டு, களைத்துப்போய் மிச்சம் வீட்டுக்கு வரும்.

ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. சோறு அவர் பொறுப்பு, கறி என் பொறுப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய பொறுப்பு வருடத்துக்கு இரண்டு தடவை மூட்டையில் வந்து இறங்குகிறது. என்னுடைய பொறுப்பை ஒவ்வொரு காலையும் வளவுக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். முருங்கை மரம் ஒன்று நிற்கிறது. பப்பாசி நிற்கிறது. கிணற்றடியில் பொன்னாங்காணியும் வேலிக்கரையில் மரவள்ளியும் உண்டு. கோழிகளும் உண்டு, அவை மனமிருந்தால் முட்டையிடும். இரண்டு தென்னையும் நிற்கின்றன, ஆனால் அவை குரங்குகளுக்குச் சொந்தம். எங்களுக்கு அந்த மரங்களிலிருந்து கிடைப்பது ஓலை மட்டும்தான், அதுவும் குரங்கு முறித்துப் போட்டால்.

தேங்காய் விற்கிற விலைக்கு, கடையில் ஒன்று வாங்கினால் அதை நகை மாதிரித்தான் கையாள வேண்டும். முதல் பால் பிள்ளையின் பருப்புக்கு. இரண்டாம் பால் கறிக்கு. மூன்றாம் முறை பிழிவது சொதிக்கு. அதைப் பால் என்று சொல்ல எனக்கே வெட்கம்தான்.

"இஞ்சரும், இண்டைக்குச் சொதியில மாடு முகம் கழுவினதோ?" என்று ஒருநாள் கணவர் கேட்டார்.

"ஓம். நாளைக்குக் குளிக்கவும் வைக்கிறன்."

சாப்பிட்டுவிட்டு எழும்பினார். பிறகு எனக்குக் கவலையாகிவிட்டது. வயலில் முறிகிற மனுசனுக்கு நான் நல்ல சொதி கொடுக்கவில்லையே என்று. அடுத்த நாள் கொஞ்சம் கெட்டியாக வைத்தேன். பிள்ளையின் பருப்புக்குப் பால் குறைந்துவிட்டது. அதற்கும் கவலைப்பட்டேன். என் நாள்கள் இப்படித்தான் போகும்.

போனில் மலிவுச் சமையல் வீடியோக்களும் பார்த்தேன். எல்லோரும் "வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே" என்றுதான் தொடங்குகிறார்கள். அவர்கள் வீட்டில் வெண்ணெயும் காளானும் சீஸும் இருக்கின்றன. என் வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்துச் செய்தால் அந்த வீடியோ அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு சமாளிக்கக்கூடிய பிரச்சினைகள். சிரிக்க முடியாத ஒன்று, பிள்ளையின் நிறை.

மாதக் கிளினிக் எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் நடக்கும். கூரை வளையிலிருந்து தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை அதில் போட்டு நிறுப்பார்கள். மற்றப் பிள்ளைகள் தராசில் இருந்து அலறுவார்கள். என் மகன் ஊஞ்சல் என்று நினைத்துச் சிரிப்பான். மருத்துவமாது, அவரை நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், அட்டையில் புள்ளி வைப்பார். மற்றப் பிள்ளைகளின் கோடு மலை ஏறிக்கொண்டிருக்க, என் மகனின் கோடு பீடபூமியாய்க் கிடந்தது. புவியியல் படித்ததன் பலன், அதை ஒரே பார்வையில் வாசிக்க முடிந்தது.

"பிள்ளை, போன முறையும் இதே நிறைதான். என்ன குடுக்கிறனீர்?" என்று மிஸ்ஸி கேட்டார்.

பருப்பு, கீரை, இலைக்கஞ்சி, முட்டை, பயறு என்று பரீட்சை எழுதுவது போல ஒப்புவித்தேன்.

"குடுக்கிறது சரி. அவன் சாப்பிடுறானோ?"

நான் அவனுடைய சட்டையில் துப்பிக் காய்ந்து கிடந்த பருப்பைச் சுரண்டினேன்.

"அடுத்த கிளினிக்கிலும் ஏறாட்டி ஆஸ்பத்திரிக்கு எழுதித்தான் விடுவன். பயப்பிடாதையும்" என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்கு உண்மையாகப் பயம் பிடிக்கும். ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை, ஏதும் பெரிய வருத்தமோ என்ற நினைப்பு. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. வயிற்றில் இருந்தபோது நான் பப்பாசிப்பழம் சாப்பிட்டதாலோ? சாப்பிடாததாலோ? இரண்டையும் போனில் தேடினேன். இரண்டுக்கும் ஓம் என்று சொல்ல ஆள் இருந்தது.

இந்த நிலையில்தான் மிஸ்ஸி அடுத்த குண்டைப் போட்டார். வருகிற கிளினிக்கன்று அதே மண்டபத்தில் சமையல் கண்காட்சி. குறைந்த செலவில் போசாக்கான சாப்பாடு என்பது விடயம். மேலதிகாரிகள் வருவார்கள். தாய்மார் சமைத்துக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும், நல்லதுக்குப் பரிசும் உண்டு. அவர்கள் சார்பில் நான் பேச வேண்டும்.

"மிஸ்ஸி, என்ர பிள்ளையே நிறை காணாது..." என்று இழுத்தேன்.

"அதுக்கென்ன? நீர் படிச்ச பிள்ளை, நீர் பேசும். அவனை நாங்கள் பேசவிடமாட்டம்தானே."

எங்கள் ஊர்த் தாய்மாருக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. முதலில் எல்லோரும் ஒழுங்காகத்தான் தொடங்கினார்கள். ஒருவர் மரவள்ளிக் கிழங்கு என்றார், ஒருவர் பயற்றங்கஞ்சி என்றார். பிறகு ஒருவர், கிழங்கைச் சும்மா வைத்தால் வடிவில்லை, சுற்றிவரக் கரட்டில் பூ வெட்டி வைக்கிறேன் என்றார். அதோடு ஊர் கெட்டது. கஞ்சிக்கு விலை கூடிய கசுக்கொட்டைப் பருப்பு வந்தது. கசுக்கொட்டைக்குப் போட்டியாக உலர்ந்த முந்திரிகைப்பழம் வந்தது. கலியாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுப்பவரிடம் கண்ணாடிக் கோப்பை எடுக்க ஆள் போனது. பேசப்போகிறவள் வெறுங்கையோடு போவதா என்று நானும் கரட், பீற்றூட், கறிமிளகாய் எல்லாம் வாங்கினேன். மலிவான சாப்பாடு எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக, அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் சோறும் சம்பலும்தான்.

"கண்காட்சி முடிய மிச்சத்தை வீட்ட கொண்டு வருவீர்தானே?" என்று கணவர் மிகுந்த எதிர்பார்ப்போடு கேட்டார்.

இந்த அலங்காரப் போட்டியில் சேராத ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்கா. அவர்களுக்குச் சொந்த ஊர் முல்லைத்தீவுக் கரை. கடல் பொங்குகிற மாதங்களில் தொழில் இல்லாததால் அக்காவின் கணவர் இந்தப் பக்கம் வந்து வெட்டு மிசின் ஓட்டுவார். அந்த மாதங்களுக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு மகள். கண்காட்சியன்று அக்கா மலிவான சின்ன மீனை அவித்து, முள்ளெடுத்து, உதிர்த்து, குரக்கன் மாவோடு சேர்த்துப் புட்டு அவித்து, அலுமினியத் தட்டத்தில் அப்படியே கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, ஒரு கரட் பூவாவது வையுங்கோவன்" என்றேன்.

"மீனுக்குப் பூ வைச்சால் செத்தவீடு மாதிரிக் கிடக்கும், தங்கச்சி."

என்னுடைய மேசையில் இலைக்கஞ்சியும், சிவப்பரிசிச் சோற்றில் பிடித்த ஒரு முயலும் இருந்தன. முயலுக்குக் கரட் காது, பீற்றூட் கண். முதல் பார்வையில் அழகாக இருந்தது. வெயில் ஏற ஏறக் கண்ணின் சிவப்புச் சாயம் கன்னத்தில் வடிந்து, ஏதோ அடிதடிக்குப் போய்வந்த முயல் போல ஆகிவிட்டது.

அதிகாரிகள் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார்கள் என்று செய்தி மட்டும் அடிக்கடி வந்தது. தாய்மார் ஈ கலைத்தோம். பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். மேசைகளில் இருக்கிற சாப்பாட்டைத் தொட்டால் கை முறியும் என்று எல்லாத் தாய்மாரும் தத்தம் பிள்ளைகளை வெருட்டினோம். பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பது எப்படி என்ற கண்காட்சியில் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக்கொண்டு நின்றோம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. நான் பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக அவர்கள் வந்தார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, உணவு கண்ணுக்கு அழகாக இருந்தால் குழந்தைகள் விரும்பி உண்பார்கள் என்ற இடத்துக்கு வந்தபோது, மேசைக்குக் கீழே சளப் சளப் என்று ஒரு சத்தம். முன்னால் நின்ற அதிகாரி குனிந்து மேசைத் துணியைத் தூக்கினார்.

கீழே என் மகன் சப்பாணி கட்டி இருந்தான். மடியில் அக்காவின் தட்டம். அதில் ஒரு பிடி புட்டுத்தான் மிச்சம். இரண்டு கையாலும் அள்ளி வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அக்காவின் மகள். அவளுடைய கையில் என் இலைக்கஞ்சிச் சட்டி. மூக்குக்குக் கீழே பச்சை மீசை.

"அடியே! அதைத்தானே வீட்டில தந்தால் ஓங்காளிச்சுச் சத்தியெடுக்கிறனீ!" என்று அக்கா மண்டபம் அதிரக் கத்தினார்.

நான் ஒலிவாங்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகனின் வாயைத் திறந்து முள்ளு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தேன். அவன் விரலைக் கடித்தான். சனம் சிரித்தது. அதிகாரிகள் படம் எடுத்தார்கள். மிஸ்ஸியின் முகம் ஒரு கணம் வெளிறியது, பிறகு சமாளித்துக்கொண்டார். "பாத்தீங்களோ, அம்மாமார்? பிள்ளையள் விரும்பிச் சாப்பிடுதுகள்!"

பரிசு எங்கள் இருவருக்கும் இல்லை. ருசி பார்க்க மிச்சம் இல்லாததால் எங்கள் சாப்பாட்டுக்குப் புள்ளி போட முடியவில்லையாம். பரிசான பிளாஸ்ரிக் வாளி கசுக்கொட்டைக் கஞ்சிக்குப் போனது. அன்றைய நிறுவையிலும் என் மகனின் கோடு ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதுவதற்கு மிஸ்ஸி பேனையை எடுத்தார். பிறகு மேசைக்குக் கீழே பார்த்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, "சரி, இன்னும் ஒருக்கால் பாப்பம்" என்று பேனையை மூடினார்.

எனக்குக் கிடைத்த தவணை அதுதான்.

அடுத்த நாளே அக்காவிடம் கேட்டுக் கேட்டு, அதே மீன், அதே குரக்கன் மா, அதே பக்குவத்தில் புட்டு அவித்தேன். மகன் ஒரு வாய் வாங்கினான். துப்பினான்.

"ஏன் அப்பு? அண்டைக்கு ஆசையாச் சாப்பிட்டனீதானே?"

"அது அன்ரி வீட்டுப் புட்டு. இது எங்கட வீட்டுப் புட்டு."

அன்ரி என்றால் அவனுக்கு அக்கா. தகவல் சரிதான். மறுக்க முடியவில்லை.

வேலியடியில் நின்று அக்காவிடம் முறையிட்டேன். அக்கா வீட்டிலும் அதே கதை. நான் சொல்லிக்கொடுத்தபடி காய்ச்சிய இலைக்கஞ்சியை மகள் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டாளாம். "வாழை நல்லாத்தான் வருது" என்றார் அக்கா. இரண்டு பேரும் யோசித்தோம். பெரிய யோசனை ஒன்றும் தேவைப்படவில்லை. மத்தியானம் அவன் அங்கே, அவள் இங்கே. கம்பியைத் தூக்கிப் பிடித்தால் பிள்ளைகள் குனிந்து போக இடமிருந்தது.

அவன் அங்கே போய்ச் சாப்பிட்டான். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான். எனக்குச் சந்தோசம் அரை நாள்தான் நின்றது. அக்காவின் வீட்டு மீனை என் பிள்ளை நாளும் தின்கிறானே, அவர்களுக்கும் தொழில் இல்லாத காலமாச்சே, எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை பிடித்துக்கொண்டது. ஆகவே என் சமையலையே அக்காவின் சட்டியில் போட்டு, பிள்ளைகள் காணாமல் வேலிக்கு மேலால் நீட்டத் தொடங்கினேன். அக்காவும் அதே வழியில் தன்னுடையதை என் சட்டியில் அனுப்பினார். சட்டிகள் வேலியில் சந்தித்து இடம் மாறும். பிறகு பிள்ளைகள் கம்பிக்குக் கீழால் இடம் மாறுவார்கள். இதனால் யாருக்கும் ஒரு சதம் கூடச் செலவு ஏறவில்லை. அவரவர் பிள்ளை அவரவர் தாயின் சமையலைத்தான் சாப்பிட்டது. மானம்தான் கொஞ்சம் செலவாயிற்று.

ஏனென்றால் ஒருநாள் மகன் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சொன்னான்: "அன்ரியின்ர முருங்கையிலை நல்லம் அம்மா. நீங்களும் அப்பிடிக் காய்ச்சுங்கோவன்."

நான் மரத்திலேறாக் குறையாய் ஆய்ந்து, உருவி, வறுத்த முருங்கையிலை அது.

"கேட்டுப் பழகிறன், ராசா" என்றேன்.

கணவருக்கு இது பெரிய பகிடி. "அப்ப நானும் வேலிக்கு அங்கால போய்ச் சாப்பிட்டுப் பாக்கட்டோ? சொதி ருசிக்குதோ தெரியேல்லை."

"தாராளமாப் போங்கோ. அக்காவின்ர மனுசன் வெட்டு மிசினோட முத்தத்திலதான் நிக்கிறார்."

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சிக்கல். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை. அக்கா வீட்டார் வேதக்காரர், தவக்காலம் தொடங்கியதால் அவர்கள் வீட்டிலும் இல்லை. வேலியின் இரண்டு பக்கமும் பருப்பும் கீரையும்தான். பிள்ளைகள் இரண்டும் வேலியடியில் சந்தித்து, அங்கே என்ன, இங்கே என்ன என்று கேட்டுவிட்டு, ஏமாந்த முகத்தோடு நிற்கும். ஆனாலும் இடம் மாறிப் போய்ச் சாப்பிடும்.

அடுத்த நிறுவையன்று நான் தராசைப் பார்க்கவில்லை. கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸி அட்டையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவனை இறக்கி, திரும்ப ஏற்றி, திரும்ப நிறுத்தார்.

"ஏறிட்டான்!" என்றார். "நல்லா ஏறிட்டான். என்ன குடுத்தனீர்?"

"எங்கட வீட்டுச் சாப்பாடுதான், மிஸ்ஸி."

"கேட்டீங்களோ? கடை மா, டின் எண்டு ஒண்டும் இல்லை, வீட்டுச் சாப்பாடு!" என்று வரிசையில் நின்ற தாய்மாருக்கு அறிவித்தார். அவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு செய்முறை கேட்டார்கள். முதலில் நல்ல வேலி ஒன்று வேண்டும் என்று தொடங்க வாயெடுத்தேன். அக்கா பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளினார். அவருடைய மகளுக்கும் நிறை ஏறியிருந்தது. அன்று வீடு திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

இப்போது கடல் அடங்கிவிட்டது. அக்காவின் கணவர் மிசினை ஒப்படைத்துவிட்டு முன்கூட்டியே கரைக்குப் போய்க் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிறு பூசை முடிய லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் ஒன்று பிடித்துச் சாமான்களை ஏற்றுவார்கள்.

"அங்க இவளுக்கு ஆர் தங்கச்சி கஞ்சி குடுக்கிறது?" என்று அக்கா நேற்று வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சுத்திவர என்ர சொந்தக்காரர்தான். எல்லார் வீடும் இவளுக்குத் தன்ர வீடு மாதிரித்தான். ஒருத்தற்றை கையாலயும் வாங்கமாட்டாள்."

"நான் போனில வீடியோவில ஊட்டட்டோ, அக்கா?"

"ஊட்டிப் பாருமன். கஞ்சி போனுக்குத்தான் போகும்."

சிரித்தோம், ஆனால் முன்பு போல இல்லை. அக்கா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இந்தக் கிழமை நாங்கள் பழக்கிப் பார்த்தோம். பிள்ளைகளை அவரவர் வீட்டிலேயே வைத்திருந்தோம். முதல் நாள் மகன் இரண்டு வாயோடு நிறுத்தி விசுக்கோத்துக் கேட்டான். அடுத்த நாள் அக்காவின் தட்டை இரவல் வாங்கி, அதில் சோற்றைப் போட்டு வைத்தேன். பாதி வரை நன்றாகத்தான் போனது. பிறகு தட்டின் கரையிலிருந்த நீலக் கோட்டைக் கண்டுவிட்டான். "இது அன்ரியின்ரையெல்லே? ஏன் எங்கட வீட்டில கிடக்கு? கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ" என்று எழும்பிவிட்டான். களவெடுத்தவளைப் போல நான் தட்டோடு நின்றேன்.

எங்கள் வளவுக்கு மற்றப் பக்கத்தில் வீடு இல்லை. வயல்தான், அதில் மயில்கள்தான். அவை யார் பிள்ளைக்கும் ஊட்டுவதாகத் தெரியவில்லை. அக்காவின் வீட்டுக்கு வாடகைக்கு வேறு யாராவது வரலாம். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சட்டியை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? ஏறிய கோடு இறங்கினால் மிஸ்ஸி இந்தத் தடவை பேனையை மூடமாட்டார். அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, தராசுக்கு அது தெரியாதே.

ஆகவே இதை வாசிக்கிற தாய்மாரிடம், தகப்பன்மாரிடமும்தான், ஒன்று கேட்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையைத் தன் சொந்த வீட்டில், சொந்தத் தாயின் கையால் சாப்பிடப் பழக்கியவர்கள் யாராவது இருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். என்னிடம் அரிசி நிறைய இருக்கிறது, கீரை இருக்கிறது, பொறுமையும் கொஞ்சம் இருக்கிறது. கடையில் வாங்க வேண்டிய எதையும் சொல்லிவிடாதீர்கள்.